மாமரத்துக்குக் கீழே கற்பூரவள்ளி

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. அம்மா கலியாணம் முடித்து வந்த வருடம் நட்டது. அதன் நிழலில் ஏறக்குறைய இருபதடிக்குப் பதினைந்தடி நிலம் நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தது. புல் முளைக்காது. பூஞ்செடி வைத்தால் ஒரு மழை பார்த்துவிட்டுப் போய்விடும். காலையில் எழும்பி முற்றம் கூட்டுகிறபோது அந்த இடத்தையும் சேர்த்துக் கூட்டி, சருகைக் குவித்துக் கொளுத்துவோம். விளக்குமாற்றின் கோடு தெரிகிற முற்றம்தான் வீட்டுக்கு அழகு என்று வளர்ந்தவள் நான். முன்முற்றத்தை இன்றைக்கும் அப்படித்தான் கூட்டுகிறேன். மரத்தடியை மட்டும் கூட்டுவதில்லை, அங்கே இப்போது கற்பூரவள்ளி மூடிக் கிடக்கிறது.

கூட்டிக் கூட்டி அங்கே என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். எங்கள் பகுதியான வலிகாமத்தின் செம்மண் பார்க்க வளமாக இருக்கும். தோண்டினால் பல இடங்களில் சீக்கிரமே சுண்ணக்கல் தட்டுப்படும். அந்தக் கொஞ்ச மண்ணையும் தினமும் விளக்குமாற்றால் சுரண்டினோம். மரத்தின் வேர்கள் வெளியே தெரிந்தன. சோழகக் காற்று தொடங்கினால் செம்புழுதி குசினி வரை வரும். மாரியில் மண் கரைந்து ஒழுங்கைக்கு ஓடும். சருகு மக்கி மண்ணுக்குத் திரும்ப வேண்டியது, அதையும் எரித்துவிடுவோம்.

கற்பூரவள்ளி அப்போதும் எங்கள் வளவில் இருந்தது. கிழக்கு வேலியோரம், மா நிழலின் விளிம்பில், மருந்துக்கென்று அம்மா வைத்த ஒரே செடி. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கியதால், மழைக்குள் வலிகாமத்தை விட்டுப் போனோம். அடுத்த ஆண்டு சித்திரை கழிந்து திரும்பி வந்தபோது அம்மாவின் ரோசாக்கள் இல்லை, குரோட்டன் குச்சியாய் நின்றது, தொட்டிகள் உடைந்து கிடந்தன. வேலியோரத்தில் கற்பூரவள்ளி மட்டும் நிலத்தில் படுத்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, மூன்று முழத்துக்குப் பரவியிருந்தது. மாரி முழுவதும் நனைந்து, பங்குனி வெயிலில் காய்ந்து, ஒரு சொட்டுக் கிணற்றுத் தண்ணீர் இல்லாமல். அம்மா ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, "பாத்தியா பிள்ளை, தன்ரபாட்டில நிண்டிருக்கு" என்றார்.

அதை மரத்தடி முழுவதும் பரப்பியது 2007 தையில். முந்தைய ஆண்டு ஓகஸ்ட்டில், எங்களைத் தெற்கோடு இணைக்கிற ஏ-9 பாதை பூட்டப்பட்டு, இங்கே எல்லாச் சாமானுக்கும் தட்டுப்பாடு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இருந்து இருமலுக்கு இரண்டு இலை கேட்டு வருவார்கள். ஒரு செடி போதவில்லை. வெட்டி நட்டால் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று தொடங்கினேன். மண்ணைக் காக்கும், புழுதியை அடக்கும் என்பதெல்லாம் பிறகு கண்ணால் கண்டது.

செடியைப் பற்றிக் கொஞ்சம். துளசி, புதினா குடும்பம்தான் இதுவும். கைமருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருகிற இந்தச் செடியின் பூர்வீகம் நம் நாடு அல்ல, ஆபிரிக்காவின் தெற்கும் கிழக்கும். 1790 இல் லூரெய்ரோ என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் இந்தோனேசியாவின் அம்பொன் தீவை வைத்து இதற்குக் கோலியஸ் அம்பொய்னிகஸ் என்று பெயர் எழுதினார். இடையில் வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டு, அண்மையில் திரும்பவும் கோலியஸ் என்றே ஆக்கியிருக்கிறார்கள். இலையைக் கசக்கினால் ஓமம் மணப்பதற்குக் காரணம் உண்டு. ஓமத்தில் இருக்கிற தைமோலும், அதற்கு நெருங்கிய உறவான கார்வக்ரோலும் இதன் எண்ணெயில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஓமவல்லி என்றும் சொல்வார்கள். கற்பூரவள்ளி என்ற பெயரில் அங்கே ஒரு வாழையும் இருப்பதால், தேடிப் பார்க்கிறவர்கள் குழம்ப வேண்டாம்.

நிலமூடியாக இது பொருந்துவதற்கு அதன் தண்டுதான் காரணம். சாறுள்ள, மயிர் படர்ந்த, சட்டென்று முறிகிற தண்டு. நிமிர்ந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் வளர்ந்ததும் தன் பாரம் தாங்காமல் சாயும். சாய்ந்து மண்ணில் பட்ட கணுவில் வேர் இறங்கும். இலைகளிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்திருப்பதால் வரட்சிக்கு அவ்வளவாகப் பயமில்லை. ஆறில்லாத ஊரில் கிணற்றை நம்பி வாழ்கிற நமக்கு இது பெரிய குணம். வெயிலில் வைத்தாலும் வளரும். ஆனால் இலை சிறுத்து, தடித்து, மஞ்சள் ஓடிக் கிடக்கும். அரை நிழலில் அதே செடி உள்ளங்கை அளவு மெத்தென்ற இலை விடும்.

எனவே இடம் பார்க்கிறபோது எவ்வளவு நிழல் என்பதைத்தான் முதலில் பாருங்கள். காலை வெயில் இரண்டு மூன்று மணித்தியாலம் சரிவாக விழுந்து, பிறகு நாள் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வருகிற இடம் மிகவும் நல்லது. மா, முருங்கை, வேம்பு, தென்னை இவற்றின் கிழக்குப் பக்கம் அப்படி இருக்கும். அடர்ந்த பலாவின் கீழே, மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள இருட்டுச் சந்தில் வைத்தால் தண்டு வெளிறி நீண்டு, இலைக்கும் இலைக்கும் இடைவெளி விழுந்து, மண் மூடாது. கிணற்றடியில் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரம் நிழலாக இருக்கிறது என்று அங்கே கொண்டுபோய் நட வேண்டாம். அங்கே அழுகும். அந்த ஈரத்துக்கு வல்லாரைதான் சரி, அதுவும் நிலத்தோடு படர்ந்து நமக்குச் சம்பலுக்கு உதவும்.

நடுகிற தடியைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஒழுங்கையில் நாலு வீடு கேட்டால் ஒரு வீட்டிலாவது இருக்கும். இலையோரம் வெள்ளைக் கரை போட்ட ஒரு வகையும் உண்டு. பார்க்க வடிவு. என் அனுபவத்தில் அது மெதுவாகத்தான் பரவும். நிலத்தை மூடவேண்டும் என்றால் முழுப் பச்சையையே எடுங்கள்.

நடுவதற்கு நான் சொல்கிற காலம் தை. பொங்கல் கழிந்து ஒரு கிழமைக்குள். பெருமழை நின்றிருக்கும், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும், இரவில் பனி விழும். ஐப்பசியில் முதல் மழையைக் கண்டதும் நட்டுவிட ஆசை வரும். நானும் ஒருமுறை நட்டேன். வேர் பிடிக்க முன்னரே கார்த்திகை அடைமழை பிடித்து, பாதித் தடி அடியில் கறுத்து வழுவழுத்துப் போனது.

மரத்தடியைக் கொத்தக் கூடாது. மாவின் உறிஞ்சு வேர்கள் மேலோட்டமாகத்தான் ஓடுகின்றன, மண்வெட்டி போட்டால் மரத்துக்குக் காயம். கொத்துவதற்குப் பதிலாக மேலே சேருங்கள். மக்கிய சாணமும் இலைக்குப்பையும் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, கலந்து இரண்டு அங்குலத் தடிப்பில் பரவினால் போதும். அடிமரத்தில் முட்டக் குவிக்காமல் சுற்றிவர ஒன்றரை அடி இடம் விடுங்கள். பட்டையோடு ஈரம் ஒட்டிக் கிடந்தால் அழுகல் தொடங்கும். தென்மராட்சி, வடமராட்சி மணல் நிலத்துக்காரர் மணலை விட்டுவிட்டுச் சாணத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

தடி விரல் மொத்தம், நாலு முதல் ஆறு அங்குல நீளம். மிக இளம் குருத்து வாடிவிடும், அடிப்பக்கத்து முற்றிய கட்டை வேர் விடச் சுணங்கும், இரண்டுக்கும் நடுவில் உள்ளதை எடுங்கள். கீழ் இலைகளைக் கழற்றிச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, மேலே நாலு இலை விடுங்கள். வெட்டியதும் உடனே நடாமல் அரை நாள் நிழலில் பரப்பிப் போட்டால் வெட்டுவாய் காய்ந்து இறுகும். சாறுள்ள செடி எல்லாவற்றுக்கும் இது தேவை. பிறகு இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு சற்றுச் சரித்து நட்டு, விரலால் அழுத்துங்கள். தடிக்குத் தடி ஒரு அடி இடைவெளி. எட்டடிக்கு ஆறடிப் பாத்தி என்றால் ஏறக்குறைய ஐம்பது தடி வேண்டும். அவ்வளவு இல்லையா? பத்துத் தடியை ஒரு மூலையில் நெருக்கி நட்டு, ஆனியில் அதிலிருந்தே வெட்டி மிச்சத்தை நிரப்பலாம். நான் செய்தது அப்படித்தான்.

தண்ணீர்தான் எல்லாரும் பிழைவிடும் இடம். பற்றாமல் போனது என்று என்னிடம் சொன்னவர்களில் அனேகமானோர் தினமும் குழாய் பிடித்தவர்கள். முதல் மூன்று கிழமைக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை, தடி ஒன்றுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர், மாலையில். வேர் பிடித்துப் புதுக் குருத்து தெரிந்ததும் கிழமைக்கு ஒருமுறை. முதல் கோடை தாண்டிய பிறகு, இலை சோர்ந்து மெலிந்தால் மட்டும். சிரட்டை என்று சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. தையும் மாசியும் மா பூக்கிற காலம். பூவெடுக்க மரத்தின் வேரடி கொஞ்சம் காய்ந்திருக்க வேண்டும். அந்த நேரம் மரத்தடியைக் குளிப்பாட்டினால் மரம் பூவை விட்டுவிட்டுக் கொழுந்து விடும். அதிகம் தண்ணீர் கேட்கிற வேறொரு படர்செடியை நான் அங்கே வைக்காததும் இதனால்தான்.

மூன்றாம் நாலாம் மாதத்தில் இடைவெளிகள் மூடத் தொடங்கும். அதுவரை களை பிடுங்க வேண்டும், குறிப்பாகக் கோரையை. மூடியபிறகு கோரை தலைகாட்டுவது நன்றாகக் குறைந்துவிடும். மண்ணைத் தொட்டுப் பாருங்கள், பங்குனி நண்பகலிலும் இலைக்குக் கீழே குளிர்ச்சியாக இருக்கும். எனக்கு எல்லாவற்றிலும் பெரிய சந்தோசம் அதுதான். கூட்டிக் கூட்டி இறுகிப்போன அதே நிலத்தில் இப்போது விரலை வைத்தால் இறங்குகிறது, மண்புழு இருக்கிறது.

மிதிக்கக் கூடாது. இது புல் இல்லை, கால் பட்ட இடம் முறியும். மாங்காய் பிடுங்கப் போக, கொக்கத்தடி வைத்து நிற்க, வழி வேண்டுமே. உடைந்த பழைய சீமெந்துக் கற்களை கால் எட்டி வைக்கிற இடைவெளியில் பதித்திருக்கிறேன். கோழி வளர்க்கிறவர்கள் முதல் மூன்று மாதம் வலை கட்டியே ஆக வேண்டும், கிளறி எறிந்துவிடும். நாய், பூனை இதைத் தின்னப் பழகினால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. எங்கள் நாய் கிட்டப் போவதில்லை. குட்டி இருக்கிற வீடு என்றால் கவனியுங்கள்.

மாவிலை தடித்த இலை, சீக்கிரம் மக்காது. அடுக்கடுக்காக விழுந்தால் கற்பூரவள்ளிக்கு மூச்சு முட்டும். விளக்குமாறு போட்டால் தண்டு முறியும் என்பதால் இரண்டு நாளைக்கு ஒருமுறை கையால் பொறுக்கி, மரத்தடிக்கு வெளியே ஒரு குழியில் போடுகிறேன். எரிப்பதில்லை. அடுத்த தைக்கு அதுவே பசளை. பழக் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். வைகாசி, ஆனியில் விழுகிற கறுத்தக்கொழும்பான் வெறுநிலத்தில் விழுந்தால் ஒரு பக்கம் நசிந்துவிடும். இலைமெத்தையில் விழுந்தால் பல நேரம் தப்பும். விழுந்த இடத்தில் இலை கசங்கி வாசம் எழும்புவதால் எங்கே என்று தேடவும் வேண்டாம். ஆனால் கண்ணில் படாமல் ஒன்று அழுகிக் கிடந்தால் பழ ஈ பெருகும். காலையில் தேத்தண்ணி குடிக்க முன்னர் ஒரு சுற்று இலையை விலக்கிப் பாருங்கள்.

பூக்காலத்தில் மாவில் தத்துப்பூச்சி வந்தால் அதன் தேன்பிசின் கீழே சொட்டி, கற்பூரவள்ளி இலையில் கரிபோலப் பூஞ்சணம் படியும். செடிக்குப் பெரிய கெடுதி இல்லை, அந்த இலைகளைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். மரத்துக்கு மருந்து அடிக்கிறவர்கள் கீழே இருப்பதை உண்ணவே கூடாது. ஒன்றில் மருந்தை விடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுத் தேவைக்கு வேறு இடத்தில் ஒரு தொட்டி வையுங்கள். தண்டு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல மாப்பூச்சி வந்தால் அந்தத் தண்டை வெட்டி அகற்றி, மிச்சத்துக்குச் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து, மறுநாள் கழுவிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதுக்குள்ள பாம்பு வந்து படுக்கும் பிள்ளை, வெட்டி எறி" என்றார். அவர் பயம் நியாயமானது. எந்தப் பற்றைக்குள்ளும் பாம்பு வரலாம். அதனால் உயரத்தை ஒரு சாணுக்கு மேல் விடுவதில்லை, வீட்டுச் சுவரில் இருந்து இரண்டடி வெறுநிலம், பாதையில் இருந்து ஒரு அடி. அந்த வெறுநிலத்தைத் தினமும் கூட்டுகிறேன். இரவில் ரோச் இல்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை. அடுத்தது நுளம்பு. இந்த வாசத்துக்கு நுளம்பு வராது என்று பலர் சொல்வார்கள். என் வளவில் நுளம்பு குறைந்ததாக நான் காணவில்லை. மாறாக, இலைக்குக் கீழே மறைந்து கிடக்கிற ஒரு சிரட்டையில், யோகட் கோப்பையில் தண்ணீர் நின்றால் டெங்குக்கு அதுவே போதும். மாரியில் கிழமைக்கு ஒருமுறை கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

மாரி என்றதும் 2008 நினைவுக்கு வருகிறது. நவம்பரில் நிஷா புயல் மழை யாழ்ப்பாணத்தையே மூழ்கடித்தபோது எங்கள் மரத்தடியில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வடிந்து நான்காம் நாள் பார்த்தால் இரண்டு வருடத்துப் பச்சை முழுவதும் கறுத்துக் குழைந்து கிடந்தது. அந்த நாற்றத்திலும் ஓமம் மணந்தது, அதை மறக்க முடியவில்லை. பத்திக்குள், கூரைக்குக் கீழே, ஒரு பெயின்ற் வாளியில் வைத்திருந்த செடி மட்டும் தப்பியது. இன்று மரத்தடியில் இருப்பது முழுக்க அந்த வாளியின் வாரிசுகள்.

அன்று முதல் மூன்று வேலை தவறுவதில்லை. நிலத்தை வேலிப்பக்கமாகச் சரித்து, ஓரத்தில் நாலு அங்குல ஆழத்தில் ஒரு வடிகால். புரட்டாசியில், மழைக்கு முன்னர், பாதி உயரத்துக்கு வெட்டிக் காற்றோட்டம் கொடுப்பது. வெட்டிய தடியில் ஆறை வாளியில் நட்டுக் கூரைக்குக் கீழே வைப்பது. வாளியின் அடியில் ஓட்டை போட மறக்க வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடுப்பகுதி கட்டையாகி, இலை இல்லாமல் வெளிக்கும். அந்தக் கட்டையைப் பிடுங்கி, இடத்தில் கொஞ்சம் பசளை போட்டு, நுனித் தடிகளை நட்டால் மூன்று மாதத்தில் மூடிவிடும்.

இனிச் சமையல். பச்சையாகக் கடித்தால் காரமாக, தடிப்பாக இருக்கும், சூடு காட்டினால்தான் அடங்கும். எங்கள் வீட்டில் அதிகம் செய்வது சம்பல். நடுத்தர இலை பதினைந்தைக் கழுவித் துடைத்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கவேண்டும். பச்சை மிளகாய் மூன்று, சின்ன வெங்காயம் ஆறு, உப்பு, அரை மூடித் தேங்காய்ப்பூ, இவற்றோடு அம்மியில் அரைத்து, கடைசியில் அரைத் தேசிக்காயைப் பிழிந்து விடுங்கள். வதக்கிய இலையைக் கடைசியாகச் சேர்த்து ஒரு இழுவை இழுத்தால் போதும், மைபோல அரைத்தால் கைப்பு ஏறும். புழுங்கல் சோற்றுக்கும் இடியப்பத்துக்கும் நன்றாக இருக்கும். இரசத்துக்கு இரண்டு இலையைக் கிழித்து இறக்குகிற நேரம் போடுங்கள், மூன்றாவது இலை மற்ற வாசம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கடலைமாவில் தோய்த்துப் பொரிப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற தங்கச்சி அங்கே கரிபியன் ஆட்கள் இதை மீனுக்கும் இறைச்சிக்கும் அரைத்துப் பூசுவதைச் சொன்னாள். நான் பாரை மீனுக்கு உள்ளி, மிளகு, இரண்டு இலை அரைத்துப் பூசி ஒரு மணித்தியாலம் வைத்துப் பொரித்துப் பார்த்தேன். இப்போது அது எங்கள் வீட்டு வழக்கம். குளிர்நாட்டில் இருப்பவர்கள் இதை நிலத்தில் நட்டால் முதல் உறைபனியோடு போய்விடும், தொட்டியில் வைத்து ஐப்பசிக்கு முன்னர் வெயில் வருகிற யன்னலுக்கு எடுத்துவிடுங்கள். இங்கிருந்து தடியைப் பயணப்பையில் கொண்டுபோக வேண்டாம், அங்கத்தைய கடைகளிலேயே கிடைக்கிறது.

இருமலுக்கு அம்மா செய்தது: இலையை விளக்குச் சுடரில் வாட்டி, பிழிந்து, ஒரு தேக்கரண்டிச் சாற்றில் தேன் கலந்து கொடுப்பது. பெரியவர்களுக்குக் கொத்தமல்லி, வேர்க்கொம்பு, நாலு இலை அவித்துப் பனங்கட்டியோடு. தொண்டைக்கு இதமாக இருக்கும், அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. இழுப்பு இருந்தால், மூச்சு வாங்கினால், காய்ச்சல் விடாமல் இருந்தால் இலை தேடி நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

புரட்டாசியில் வெட்டுகிற தடி இரண்டு உரப்பை நிறையும். வாளிக்கு எடுத்தது போக மிச்சத்தைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கடகத்தில் வைத்து, விடிய வெளிப்படலைக்குப் பக்கத்தில் வைப்பேன். வேண்டியவர்கள் எடுத்துப் போவார்கள். எடுக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்: இப்போது நிலத்தில் நடாதீர்கள், தை வரும்வரை கூரைக்குக் கீழே ஒரு வாளியில் வையுங்கள்.